நாடு கடத்தப்பட்ட பொறிவண்டுகள்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், மகுடேசுவரன் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். ஆனால் காலையில் ஓர் ஆசை வந்தால் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும். அப்படித்தான் ஒருநாள் மடைப்பள்ளிக்குப் பின்னால் தம் கையாலேயே அவரைக்கொட்டை ஊன்றிப் பந்தல் போட்டார். யுத்தம் செய்யத் தெரிந்த மாப்பிள்ளைக்கு ஒரு செடி வளர்க்கத் தெரியுமா என்று மாமியார் எப்போதோ கேட்டுவிட்டார். தைக்கு வரும் அந்த அம்மாளின் இலையில் தாம் வளர்த்த அவரைக்காயை வைத்தே தீருவது என்று ராஜாவுக்கு வைராக்கியம். கொடி பூத்ததும் அவர் மனம் உருகிப்போய்விட்டது. இந்தத் தோட்டத்தில் எந்த உயிரையும் யாரும் கொல்லக்கூடாது, கொன்றாலும் ஏவினாலும் நாடு கடத்தல் என்று தண்டோரா போட்டுவிட்டார்.

பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். கொழுந்திலும் பிஞ்சிலும் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. சாம்பல் தூவக்கூடப் பயந்து தோட்டக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

முதல் மந்திரியான பிரதானி அனந்தநாராயணர் பார்வையிட வந்தார். அசுவினி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் நடுவே கரும்புள்ளி போட்ட சிவப்புப் பொறிவண்டுகள் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தன. ஓடுகிறவன்தானே திருடன்? கண்ணில் பட்ட வண்டுகளையெல்லாம் கூடையில் பிடித்து, உயிருக்குச் சேதமில்லாமல் நாட்டு எல்லையான ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டார். ராஜா பட்டுச் சால்வை போர்த்தினார். அதன்பிறகு அசுவினி இரண்டு மடங்காயிற்று.

ராஜாவின் புருவம் நெரிந்ததும் பிரதானி பேச்சை லாவகமாகத் திருப்பினார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற விகடகவி வேடியப்பனிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாமே என்றார். ராஜா பக்கத்தில் வேடியப்பனுக்கு ஆசனம் போட்ட நாளிலிருந்தே பிரதானிக்கு வயிற்றெரிச்சல். ராஜாவும் யோசிக்காமல் சொல்லிவிட்டார். பௌர்ணமிக்குள் அசுவினி போக வேண்டும். கொலை கூடாது. முடியாவிட்டால் வேடியப்பன் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

வேடியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மனைவி நாச்சியம்மாளுக்கு ஒன்பதாம் மாதம். அவளைக் கூட்டிக்கொண்டு எந்த எல்லையைத் தாண்டுவது? உண்மையாகவே பயந்துபோனான்.

"பூச்சியப் பாக்காம என் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருந்தா எப்படிங்க?" என்று அவள்தான் அவனை விரட்டினாள்.

பந்தலடியில் போய் உட்கார்ந்தான். எறும்புகள் பந்தல்கால் வழியாக ஏறி, அசுவினி கசியவிட்ட இனிப்பை நக்கிவிட்டு அதற்கே காவலும் நின்றன. அரண்மனையில் பழகியவனுக்கு இது புரியாதா? அப்போது கூடைக்குத் தப்பிய ஒரே ஒரு பொறிவண்டு ஓர் இலைக்கடியிலிருந்து வந்தது. ஓர் அசுவினியைத் தின்றது. அடுத்ததையும் தின்றது. வேடியப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரை நாடு கடத்தினாலும், எல்லை தாண்டுமுன் ராஜா எதிரில் அவர் தம் தரப்பை எடுத்துக்காட்ட இடம் தர வேண்டும். மறுநாள் சபையில் வேடியப்பன் எழுந்து, சிவப்பு உடுப்புக்காரர்கள் பலரைப் பிரதானி விசாரிக்காமலே நாடு கடத்திவிட்டார் என்று முறையிட்டான். ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. வழக்கம் வழக்கம்தான், கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று பிரதானிக்கே உத்தரவிட்டார். பிரதானி அக்கரைப் பயற்றங்கொல்லையில் மண்டியிட்டு, சால்வையெல்லாம் முள்ளாக, வண்டு பொறுக்கினார்.

வேடியப்பன் பந்தல்கால்களைச் சுற்றிச் சாம்பல் வட்டம் போட்டு எறும்பின் வழியை அடைத்துவிட்டு, ராஜாவின் கண்ணெதிரே வண்டுகளைக் கொடியில் விட்டான். அவற்றுக்குப் பேச வராது, செய்து காட்டும் என்றான். செய்து காட்டின. பொழுது சாய்வதற்குள் பாதிக் கொழுந்து பச்சையாகிவிட்டது.

பிரதானி இதற்காகவே காத்திருந்தார். "அரசே, தங்கள் தோட்டத்தில் கொலை நடக்கிறது. ஏவியவன் இதோ நிற்கிறான். தண்டோராப்படி அவன் நாடு கடத்தப்பட வேண்டும்."

ராஜாவின் முகம் வாடியது. சொன்ன வாக்கை எப்படி மீறுவது?

வேடியப்பன் கைகூப்பினான். "ஒப்புக்கொள்கிறேன், அரசே. எந்த உயிரையும் என்றுதான் தண்டோரா. அவரைப் பிஞ்சும் உயிர்தான். அதைப் பறித்து, நறுக்கி, தாளித்தபின் தின்னப்போகிறவர் தங்கள் மாமியார். ஏவியவர் தாங்கள். ஆகவே நாம் மூவரும் ஒரே வண்டியில் எல்லைக்குப் புறப்படலாம். வழியெல்லாம் தங்களுக்கு அந்த அம்மாள் பேச்சுத்துணையாக இருப்பார்."

ராஜா அந்தப் பயணத்தை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். பிறகு கிரீடம் நழுவச் சிரித்தார். பசிக்குத் தின்பது கொலையில் சேராது என்று தண்டோராவை அங்கேயே திருத்தினார். நாச்சியம்மாளுக்கு அரண்மனையிலேயே வளைகாப்பு, பொன்வளையல் தம் செலவு, முதல் பறிப்பு அவரைக்காய் முதலில் அவள் இலைக்கு, மாமியாருக்கு அடுத்ததாக என்று அறிவித்தார்.

"இதை அந்த அம்மாளிடம் யார் சொல்வது, அரசே?" என்றான் வேடியப்பன்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரதானியைப் பார்த்தார்.