கை கழுவப் போன சீஃப்

டாக்டர் வைகுந்தநாதன்தான் அந்த வார்டுக்குச் சீஃப். அவர் ரவுண்ட்ஸ் வந்தால் நோயாளிகள் இருமக்கூட யோசிப்பார்கள். அப்பேர்ப்பட்டவர் முன்னால் பயிற்சி டாக்டர் பொற்கொடி, மருந்தின் அளவு பார்க்கக் கையேட்டைப் புரட்டிவிட்டாள்.

"நோயாளி முன்னால புத்தகமா? நான் அதைத் தொட்டே இருபது வருஷமாச்சு. நாளைக்கு எந்த மருந்தைக் கேட்டாலும் பார்க்காம அளவு சொல்லணும். இல்லேன்னா இந்த வார்டுப் பக்கமே வராதே."

மறுநாள் எல்லோர் முன்னாலும், யாரும் கேள்விப்படாத ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டு மீசையைத் தடவினார்.

"சொல்றேன் சார். நீங்க எப்பவும் கை கழுவிட்டு வந்துதானே அளவு சொல்வீங்க? நானும் கழுவிட்டு வந்துடறேன்" என்றாள் பொற்கொடி.

சீஃப் வாயைத் திறப்பதற்குள், கை கழுவும் அறையை ஒட்டிய கட்டிலில் படுத்திருந்த இசக்கியம்மாள் முந்திக்கொண்டாள்.

"எம்மா, அந்தக் குழாயில தண்ணி வந்து ஒரு வாரமாச்சு. ஆனா நீ போ. ஐயா தினமும் படிக்கிற புஸ்தகம் அங்கன சன்னல்லதான் இருக்கு."

சீஃப் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

சன்னலில் இருந்த கையேடு அன்றே வார்டு மேசைக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் குழாயில் தண்ணீரும் வந்தது. இப்போதெல்லாம் கை கழுவப் போகும் சீஃப், ஈரக் கையோடுதான் திரும்புகிறார்.