மழையை எழுதியவர்

ஓய்வுபெற்ற என்ஜினீயர் கோமதிநாயகம், தன் மகள் வயதுகூட ஆகாத ஜெனிட்டாவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். கம்ப்யூட்டருக்குள் மழை பெய்யவைத்து, வெள்ளம் எந்தத் தெருவுக்குள் புகும் என்று முன்கூட்டியே பார்க்கும் மென்பொருளை அவள் கற்றுக்கொடுத்தாள். அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். திறந்து மாற்றியும் எழுதலாம்.

அவர் மாற்றி எழுதியிருந்தார். அவர் ஊர்க் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் மறுகால் ஓடை வழியே ஆற்றுக்குப் போகும். ஆறும் நிரம்பிவிட்டால் அதே தண்ணீர் திரும்பிக் கீழத்தெருவுக்குள் வரும். மென்பொருளுக்கு அது தெரியாது. அவர் அந்தத் தண்ணீரில் இடுப்பளவு நின்றவர்.

ஐப்பசி பிறக்க இருந்த நேரத்தில் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. அவர் எழுதிய பகுதி அதோடு ஒட்டாமல் நின்றுபோனது.

"டீச்சர், இந்த ஒரு தடவை ஒட்டவெச்சுக் குடுத்துருங்க."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க சார்."

"எப்ப வீட்டைக் காலி பண்ணணும்னு கீழத்தெரு ஜனம் என்கிட்டதானே கேக்கும்?"

"அதனாலதான் சொல்றேன். மென்பொருளை எழுதுறவங்களுக்கே அனுப்பிருங்க. அவங்க சேத்துக்கிட்டா ஒவ்வொரு பதிப்புலயும் தானா வந்துரும்."

கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சற்றுமுன் துடைத்ததுதான்.

"எந்தெந்த தேசத்துலயோ இருக்கிற பெரிய ஆளுங்க. என் எழுத்தைப் பாத்தா சிரிப்பாங்க."

"அப்படி என்ன எழுதியிருக்கீங்க?"

"குளத்து மதகு ஷட்டருக்கெல்லாம் பேத்திமார் பேரை வெச்சிருக்கேன். மறக்காதுல்லா."

ஜெனிட்டா சிரித்துவிட்டாள்.

"பாத்தீங்களா, நீங்களே சிரிக்கீங்க."

"சின்னவ பேருள்ள ஷட்டர் மூடவே மாட்டேங்குதே, அதை நினைச்சேன்."

"வீட்டுலயும் அவ வாயை மூட மாட்டா."

அவள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, மென்பொருளுக்குள் மழை பெய்யவைக்கும் பகுதியைத் திறந்தாள்.

"வாசிங்க சார்."

வரிகளுக்கு நடுவே, எழுதியவர் ஒரு குறிப்பு விட்டிருந்தார். 'இது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்தவர் திருத்துங்கள்.' அதன் கீழே, வரிக்கு வரி திருத்தியவர்களின் வேறு வேறு பெயர்கள்.

"யாரு டீச்சர் இவரு?"

"தெரியாது."

கோமதிநாயகம் மறுபடியும் வாசித்தார்.

"இருந்தாலும் கூச்சமா இருக்கு டீச்சர்."

"இவரும் கூச்சப்பட்டிருந்தா உங்க குளத்துக்குத் தண்ணி எங்கேருந்து சார் வந்திருக்கும்?"