நாவல் மரத்துக் கயிறு

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் தவழ்ந்த காலத்துக்கும் முந்தி, மேகம் வந்து கூரையில் படுத்துக்கொள்ளும் உயரத்தில் ஒரு மலையூர் இருந்தது. அதன் பெயர் கூதல்மேடு. காதை இப்படிக் கொடுங்கள், அந்த ஊர்க் கதையைச் சொல்கிறேன்.

ஒரு வருஷம் ஐப்பசி பிறந்ததுமே காட்டெருமைகள் மேல்மலையை விட்டுக் கீழே இறங்கி வந்தன. மலையரசன் அதைப் பார்த்தான். உடனே முரசு அறையச் சொன்னான்.

"மார்கழியில் கடுங்குளிர் வரும். வெண்பனியே கொட்டினாலும் கொட்டும். அவரவர் வீட்டைத் தயார் செய்யுங்கள்!"

முரசுச் சத்தம் ஓய்வதற்குள் செங்கோடன் கோடரியைத் தூக்கிவிட்டான். அவன் மனைவி நல்லாயிக்கு அப்போது நிறைமாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வருகிற பிள்ளை. அது ஒருநாளும் குளிரில் நடுங்கக் கூடாது என்று அவனுக்கு வைராக்கியம்.

மூன்று அடுக்கு விறகு சேர்த்தான். மூன்று குதிர் சாமை நிரப்பினான். மூன்று கம்பளி வாங்கினான். அதோடு விட்டானா? மண்ணையும் சாணத்தையும் குழைத்துச் சுவரில் எறும்பு நுழைகிற ஓட்டையைக்கூட அடைத்தான். கூரையில் புகை போகிற துவாரத்துக்கும் ஒரு பலகை செய்து மூடினான். ஊரே வந்து பார்த்து மூக்கில் விரலை வைத்தது. அவனுக்கும் பெருமை பிடிபடவில்லை.

அறுபது காலடி தள்ளி, பள்ளத்தை ஒட்டிப் போகிற பாதையின் முடிவில் சடைச்சியின் வீடு. அவள் தனிக்கட்டை. கயிறு திரித்துப் பிழைக்கிறவள். செங்கோடனைவிட மூத்தவள். அவனும் அக்கா அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளுடைய வெள்ளாடு அவன் அவரைக்கொடியை வேரோடு மேய்ந்துவிட்டுப் போனதே, அன்றோடு போயிற்று. அவரை போனது ஒருநாளில், பேச்சு போனது மூன்று வருஷத்துக்கு!

முரசு கேட்ட மறுவாரம் சடைச்சி ஒரு பெரிய கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, பனி கொட்டினால் கண் தெரியாது. கால் தவறினால் பள்ளம். என் வாசலிலிருந்து உன் வாசலுக்கு இதைக் கட்டி வைப்போம். பிடித்துக்கொண்டே நடக்கலாம்."

"என் வீட்டில் எல்லாம் இருக்கிறது. உன் வீட்டுக்கு நான் எதற்கு வரப்போகிறேன்?"

அவள் கயிற்றை அவன் வீட்டு வாசற்காலில் கட்டிவிட்டுப் போனாள். அவன் அவிழ்த்து எறிந்தான். மறுநாள் வேலிக்காலில் கட்டினாள். அதையும் அவிழ்த்து எறிந்தான். மூன்றாம் நாள், அவன் வாசலுக்கு நேர் எதிரே பத்துக் காலடியில் நின்ற நாவல் மரத்தில் கட்டினாள். அது ஊர்ப்பொது மரம். அதில் கட்டியதை அவிழ்க்க அவனுக்கு உரிமை இல்லை. முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மார்கழி வந்தது. முதல் நாள் குளிர் வந்தது. இரண்டாம் நாள் காற்று வந்தது. மூன்றாம் நாள் வானம் உடைந்ததுபோல வெண்பனி கொட்டியது.

செங்கோடன் வீட்டில் அடுப்பு நன்றாக எரிந்தது. ஆனால் புகை எங்கே போகும்? ஓட்டையெல்லாம்தான் அடைத்தாகிவிட்டதே! நல்லாயி இருமினாள். பிறந்து நாற்பதே நாளான பெண்குழந்தை மூச்சு முட்டி அழுதது. அவன் பதறிப்போய் ஒரு கழியால் கூரைப் பலகையைத் தள்ளினான்.

புகை வெளியே போனது. பனி உள்ளே வந்தது, ஒரு கூடை இரண்டு கூடை அல்ல, பலகையின் மேல் குவிந்திருந்தது அத்தனையும் அடுப்பின் மேலேயே விழுந்தது. நெருப்பு அணைந்தது. அடுப்படியில் வைத்திருந்த சக்கிமுக்கிப் பஞ்சும் நனைந்து சொதசொதத்தது. மூன்று அடுக்கு விறகு இருந்து என்ன செய்ய? பற்றவைக்க ஒரு பொறி இல்லை.

நல்லாயி குழந்தையை மார்போடு அணைத்து மூன்று கம்பளியையும் சுற்றினாள். அப்படியும் அந்தச் சின்னப் பாதம் சில்லிட்டது. கொஞ்ச நேரத்தில் அழுகையும் சிறுத்துக்கொண்டே போனது.

"ஏதாவது செய்யுங்களேன்!" என்றாள் நல்லாயி.

உச்சிப்பொழுதுதான். ஆனால் கதவைத் திறந்தால் எங்கும் வெள்ளை. தன் கையே அவனுக்குத் தெரியவில்லை. கயிறு கட்டிய நாவல் மரத்தை நோக்கிக் காலடியை எண்ணி நடந்தான். ஒன்பது, பத்து. கையை நீட்டித் துழாவினான். மரம் இல்லை! ஐயோ, வழி தப்பிவிட்டேனே என்று பதறினான். இடப்பக்கம் ஓர் எட்டு வைத்தான். விரலில் சொரசொரவென்று மரப்பட்டை தட்டியது.

கயிற்றைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் அது ஆடியது. தூரத்தில் கிணிங் கிணிங் என்று மணிச்சத்தம் கேட்டது.

அவன் பாதி வழி போவதற்குள், எதிரில் அதே கயிற்றைப் பிடித்தபடி ஓர் உருவம் வந்தது. இடுப்பில் சாம்பல் மூடிய நெருப்புச்சட்டி. சடைச்சிதான்!

"நான் இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லையே, எப்படி வந்தாய்?" என்றான் அவன்.

"என் பக்கத்து நுனியில் ஆட்டுமணியைக் கட்டியிருக்கிறேன். அது எப்போது அடிக்கும் என்றுதான் காலையிலிருந்து கதவடியில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் பச்சைப்பிள்ளையை வைத்திருக்கிற வீடு ஆயிற்றே. பிள்ளை எப்படி இருக்கிறாள்?"

செங்கோடன் "அக்கா," என்றான். "பிள்ளைக்குப் பாதம் சில்லிட்டுவிட்டது," என்று சொல்லி அழுதான்.

"நட, நட. அழுவதற்கு இதுவா நேரம்?" என்று அவள் அதட்டினாள்.

அடுப்பு மறுபடி எரிந்தது. சடைச்சி குழந்தையின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கால் சிவந்தது. குழந்தை வீல் என்று கத்தியது. அந்த அழுகையைக் கேட்டுப் பெரியவர்கள் மூன்று பேரும் சிரித்தார்கள்.

பனி உருகியதும் செங்கோடன் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? மரத்திலிருந்த கயிற்றை அவிழ்த்துத் தன் வீட்டு வாசற்காலில் இறுக்கிக் கட்டினான். ஆடியில் அவரை விதைத்தான். கொடி அந்தக் கயிற்றிலேயே ஏறிப் படர்ந்து, அக்கா வீட்டுப் பக்கம் போயிற்று. ஆடு விடுமா? பாதியை மேய்ந்தது. அவன் அதன் தலையைத் தடவிவிட்டு வீட்டுக்குப் போனான்.

ஆகையால் பெரியோரே, பிள்ளைகளே, குளிருக்கு வீட்டைத் தயார் செய்கிறவர் பக்கத்து வீட்டுக்குப் போகிற வழியையும் சேர்த்தே தயார் செய்ய வேண்டும்.