கோதண்டத்துக்கு வயது ஐந்து

முருங்கைக்கீரை ஆயும்போது கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கும். பிள்ளையும் அத்தை பக்கத்தில் தொட்டிலில் தூங்குகிறது. ஒரு கதை சொல்லிவிடலாம். கீரை முடிவதற்குள் கதையும் முடிந்துவிடும்.

நெல்லிக்கோட்டை என்று ஒரு சின்ன ராஜ்யம். அரண்மனை யானைப்பந்தியில், அதாவது யானைகளைக் கட்டும் லாயத்தில், யானை இரண்டு, ஆட்கள் பதினெட்டுப் பேர். சிரிக்காதீர்கள், அரண்மனை என்றால் அப்படித்தான். பதினெட்டுப் பேருக்கும் வேலை பார்த்த வருடக் கணக்கில் வரிசை உண்டு. முதல் ஆறு பேருக்கு ஓட்டு வீடு. கடைசி ஆள் கூடையில் யானை லத்தி அள்ள வேண்டும், வைக்கோல் கொட்டகையில் படுக்க வேண்டும்.

சிவனாண்டி நெற்களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடம் அளவுக்காரராக இருந்தவர். அவர் மரக்காலில் நெல் அளந்து தலைதட்டினால் ஒரு நெல் கூடாது, குறையாது. யானைத் தீனி அளக்க ஒழுங்கான ஆள் இல்லை என்று ராஜாவே அவரைப் பந்திக்கு மாற்றினார். களஞ்சியத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, நிறைமாத மனைவி பேச்சியம்மையோடும் இரண்டு பானைகளோடும் வந்து நின்றார் மனிதர்.

பந்தித் தலைவர் வீரபத்திரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தைச் சேர்த்துக்கொண்டால் இந்த ஆள் தனக்கு அடுத்த இடத்தில் வந்து நிற்பான். அந்த இடத்தில் அவருடைய மச்சினன் அல்லவா நிற்கிறான்!

"களஞ்சியத்துல அளந்தது களஞ்சியத்தோட போச்சு. இங்க நீ இன்னைக்குப் பொறந்தவன். போய்க் கூடையை எடு" என்றார்.

"ஐயா, வீட்டுக்காரிக்கு இது மாசம்..."

"கொட்டகையில வைக்கோல் மெத்துன்னுதான் இருக்கு."

பேச்சியம்மை கொட்டகைக்குள் போனாள். வைக்கோலை ஒரு கை எடுத்து உதறினாள். கருந்தேள் ஒன்று விழுந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் சிவனாண்டி ராஜசபைக்குப் போய் முறையிட்டுவிட்டார்.

வீரபத்திரர் ஓலையோடு வந்தார். ராஜாவின் பாட்டனார் எழுதிவைத்த ஓலை. குரலை உயர்த்தி வாசித்தார்: "பந்திக்குள் கால் வைத்த நாளே முதல் நாள். முன் கழிந்த ஆண்டு எதுவும் சேராது. ஆளுக்கும் ஆனைக்கும் இதுவே விதி."

"மகாராஜா, நானா கேட்டு வரலை. அனுப்பினீங்க, வந்தேன்" என்றார் சிவனாண்டி. "கட்டிக்கொடுத்த பொண்ணு புகுந்த வீட்டுக்கு வந்தா, இன்னைக்குத்தான் வந்தாள்னு தொட்டில்லயா போடுறாங்க?"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். ஆனால் ஓலை ஓலைதானே! அவர் மந்திரி அம்பலவாணர் பக்கம் திரும்பினார்.

"ஓய், பாட்டனார் ஓலையில ஒரு எழுத்தையும் மாத்தக்கூடாது. இந்த ஆளுக்கு அநியாயமும் நடக்கக்கூடாது. என்ன செய்வீரோ தெரியாது."

அம்பலவாணர் மூக்குப்பொடியை உறிஞ்சினார். "மாத்துவானேன் மகாராஜா? எழுதினபடி அப்படியே நடத்திடுவோம். மூணு நாள் அவகாசம் கொடுங்க."

சிவனாண்டி மந்திரி பின்னாலேயே ஓடினார். எழுதினபடி நடத்தினால் கொட்டகைதானே! வெளியே வந்ததும் மந்திரி அவர் காதில் ஏதோ சொன்னார். சிவனாண்டி திகைத்து, "ஐயா, அது பாவமில்லையா?" என்றார். "ஒரு வேளைக்குத்தானப்பா" என்றார் மந்திரி.

மூன்றாம் நாள் விஜயதசமி. ராஜா முடியும் நகையுமாக ஊர்வலத்துக்குக் கிளம்பி வெளியே வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வருடா வருடம் அவரைச் சுமக்கும் கோதண்டம், மலைபோல இருக்கும் கொம்பன், ஓரமாக நிற்கிறது. கழுத்தில் குட்டிகளுக்குக் கட்டும் சின்ன மணி. எதிரே ஒரே ஒரு கவளம் சோறு. முன்னால் நிற்பது சின்னி. ஏழு வயதுக் குட்டி. அதன் முதுகில் தங்க அம்பாரி. குட்டி ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்தது. அம்பாரி சரிந்து வயிற்றுக்கடியில் போய்த் தொங்கியது.

"என்னய்யா கூத்து இது?"

"விதிப்படி செய்தது, மகாராஜா" என்று கைகட்டி நின்றார் அம்பலவாணர். "சின்னி பந்தியிலேயே பிறந்தது. ஏழு வயசு. கோதண்டம் கோயில்ல இருந்து வந்து அஞ்சு வருஷந்தான் ஆச்சு. அப்ப வயசு அஞ்சு. மூத்ததை விட்டுட்டு அஞ்சு வயசுப் பச்சைப்பிள்ளை முதுகுல மகாராஜா ஏறலாமா? அதான் தீனியையும் குட்டிப் பங்கா அளக்கச் சொல்லி சிவனாண்டிகிட்ட சொன்னேன்."

மந்திரி உத்தரவு என்று அதுவரை அடக்கிக்கொண்டிருந்த வீரபத்திரருக்குப் பொறுக்கவில்லை. கோதண்டம் அவருக்கு உயிர். "மகாராஜா, அநியாயம்! அதுக்கு ஐம்பது வயசு! கொம்பைப் பாருங்க!"

"அது கோயில்ல கழிஞ்ச வயசு தலைவரே. சேராது."

"சேராதா? வயசும் பழக்கமும் அது கூடவே வந்ததய்யா! வாசல்ல கழட்டி வச்சிட்டு உள்ள வருமா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. எல்லோரும் சிவனாண்டியைப் பார்த்தார்கள். சிவனாண்டி கையிலிருந்த மரக்காலைப் பார்த்தார்.

ராஜா சிரித்த சிரிப்பில் மணிமுடி சரிந்து காதில் நின்றது. "தலைவரே தீர்ப்புச் சொல்லிட்டார். இவ்வளவு நாள் நாம கோதண்டத்துக்கு ஓலையை எப்படிப் படிச்சோமோ, அப்படியே இந்த ஆளுக்கும் படிங்க. இரண்டாவது இடம், ஓட்டு வீடு, இன்னைக்கே. ஓய் அம்பலவாணரே, உமக்கு என்ன வேணும்? கேளும்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் மகாராஜா. முதல்ல கோதண்டத்துக்குச் சோறு போடச் சொல்லுங்க. இந்த யோசனை யாரோடதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. காலையில இருந்து என்னையேதான் பார்த்துக்கிட்டு இருக்கு."

அன்று சாயங்காலமே பேச்சியம்மைக்கு அந்த ஓட்டு வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தது. நல்ல கனத்த பிள்ளை. பதினாறாம் நாள் சிவனாண்டி அவனை மடியில் வைத்து, காதோரம் குனிந்து மூன்று தரம் சொன்ன பெயர் கோத... இதோ வந்துட்டேன் அத்தை, பிள்ளையை அழ விடாதீங்க, கையைக் கழுவிட்டு