இருளாயி வீட்டுப் பூசணிக்கொடி

ஒரு ஊர்ல, கேட்டுக்கோங்க, இருளாயின்னு ஒருத்தி இருந்தா. ஆடு இல்ல, மாடு இல்ல, கூரை மேல படர்ந்த ஒரு மஞ்சப் பூசணிக்கொடிதான் அவளுக்குச் சொத்து. அது அவ அம்மா வீட்டு விதை. ஏரி உடைஞ்சு பொறந்த ஊரே போயிருச்சு, அம்மாவும் போயிட்டா, முந்தானையில முடிஞ்சு கொண்டாந்த நாலு விதைதான் மிச்சம். அதனால ஒவ்வொரு பூ விரியறப்பவும் அம்மா வீட்டு வாசல் அவ கண்ணு முன்னால வந்து நிக்கும். மார்கழிப் பனியில அம்மா கோலம் போட்டு, சாணி உருண்டையில பூசணிப்பூ செருகுவா. "நெட்டைக் காம்புப் பூவாப் பார்த்துப் பறிடி, அது ஆம்பளைப் பூ. அடியில குட்டிக்காய் ஒட்டியிருக்கிறது பொம்பளைப் பூ, அதத் தொட்டியோ வெரல ஒடிச்சிருவேன்"னு கத்துவா. அந்தத் திட்டு இப்போ கெடைக்குமான்னு இருளாயி ஏங்குவா. ஏங்காதா பின்ன?

அந்த வருசம் என்னாச்சு, ஊர்ல தேனீயே இல்ல. கொடியில பூ பூத்துச்சு, பிஞ்சு வெம்பிச்சு, உதிர்ந்துச்சு. மறுபடி பூத்துச்சு, வெம்பிச்சு, உதிர்ந்துச்சு. முன்னால ஒரு அடைமழை வருசம் தேனீ வராதப்ப அம்மா என்ன செஞ்சான்னு இருளாயி யோசிச்சா, அதையே செஞ்சா. விடிஞ்சதும் ஒரு ஆம்பளைப் பூவைக் கிள்ளி, இதழைப் பிச்சுட்டு, நடுவுல இருக்கிற மஞ்சத்தூளைப் பொம்பளைப் பூவுக்குள்ள மெல்லத் தடவிவிட்டா. கூரை கொள்ளாம காய்ச்சுது!

ராசா தோட்டத்துல ஒரு காய் இல்ல. ராசாவுக்கோ பூசணிக்காய் புளிக்குழம்பு இல்லாம சோறு எறங்காது. தோட்டக்காரன் கொம்பையாவைக் கூப்பிட்டு, ஏன் காய்க்கலைன்னு கேட்டாரு. வெயிலுன்னான். மறுநாள் கேட்டாரு, பனின்னான். மூணாம்நாள் கேட்டாரு, பழியைத் தூக்கி இருளாயி மேல போட்டான். "மகாராசா, அந்த இருளாயி செய்வினை வச்சிருக்கா. விடிகாலையில பூவைப் புடிச்சு என்னமோ பண்றா, என் கண்ணால பார்த்தேன்"னான்.

ராசாவுக்கு வந்துச்சே கோபம்! "கொடியை வேரோட புடுங்கு, அவளை ஊரை விட்டுத் தொரத்து"ன்னாரு.

இருளாயி ஓடிவந்து கால்ல விழுந்தா. "என்னைத் தொரத்துங்க சாமி, கொடியைப் புடுங்காதீங்க. எங்காத்தான்னு சொல்லிக்க எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு. உங்க தோட்டத்துல மூணு பொம்பளைப் பூ காட்டுங்க. ஒண்ணை அப்படியே விடுவோம். ஒண்ணுக்குக் கொம்பையாண்ணன் தெரிஞ்ச மந்திரமெல்லாம் சொல்லட்டும். ஒண்ணை நான் தொடுறேன்."

சரின்னாரு ராசா. சும்மா விட்ட பூ வெம்பி விழுந்துச்சு. கொம்பையா தொண்டை கட்டக் கட்ட மந்திரம் சொன்ன பூவும் வெம்பி விழுந்துச்சு. இருளாயி தொட்ட பூவு? ஏழு நாள்ல கைப்பிடி அளவு காயா உருண்டு நின்னுச்சு!

"இதென்ன மாயம்மா?"

"மாயம் இல்ல மகாராசா. இந்தப் பூவுத் தூளு அந்தப் பூவுக்குப் போனாத்தான் காயி. தேனீ சும்மா பண்ற வேலை. இப்பத்தான் தேனீ இல்லையே."

தோட்டத்துப் புளியமரத்துல காலங்காலமா தேன்கூடு உண்டு. ராசா அண்ணாந்து பார்த்தாரு. கூடு இருந்த கெளை கரிக்கட்டையா நின்னுச்சு. தேன் எடுக்கிறவன் பாதி அடையை அறுத்துட்டு மீதியைத் தேனீக்கு விடுவான், அதான் மொறை. இது மொத்தமும் எரிஞ்சு கெடக்கு.

"தோட்டத்துச் சாவி யாருகிட்ட இருக்கு?"

எல்லாரும் கொம்பையா இடுப்பைப் பார்த்தாங்க. அவன் நெடுஞ்சாண்கிடையா விழுந்து, "தேனுக்கு ஆசைப்பட்டுப் பந்தம் காட்டிட்டேன் சாமி"ன்னு அழுதான்.

இருளாயியும் அவ கொடியும் இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டு, ராசா சிரிச்சுக்கிட்டே கொம்பையாவுக்குத் தீர்ப்பு சொன்னாரு. "தேனீயை ஓட்டினவனே தேனீ வேலையைப் பாரு. அதுங்க திரும்பி வர்ற வரைக்கும் விடியக்காலம் ஒவ்வொரு பூவா நீயே தடவணும்."

பார்த்தான் பாருங்க வேலை! பூசணி, சுரை, பீர்க்குன்னு குனிஞ்சவன் நிமிரல. சுரையும் பீர்க்கும் சாயங்காலம் பூக்குமா, அப்பவும் விடல. ஊரே வேலிக்கு வெளிய நின்னு, "என்ன கொம்பையா, றெக்கை மொளைச்சிருச்சா?"ன்னு கேட்டுச்சு. மறு வருசம் ஒருநாள் எங்கிருந்தோ ஒரு தேனீ வந்து அவன் மூக்குல நறுக்குன்னு கொட்டுச்சு. மூக்கு வீங்கி இட்டிலி ஆயிருச்சு. அவன் அழுவான்னு நெனைச்சீங்களா? ரெண்டு கையையும் தூக்கி, "வந்துட்டியா தாயி"ன்னு கும்பிட்டான்.

அதனால கண்ணுகளா, தேனை எடுத்தாலும் தேனீயை வாழ விடணும். கதை காய்ச்சாச்சு, பறிச்சும் ஆச்சு.