சடைச்சி எடுத்துக்கொண்ட படம்

மலைமேல் காட்டில் சடைச்சி என்று ஒரு கரடி இருந்தாள். உடம்பெல்லாம் முடி, முடியெல்லாம் சிக்கு. அவளுக்கு ஒரே ஒரு குட்டி. எந்நேரமும் அம்மாவின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு திரிந்ததால் அவனைக் காடே பிசின் என்று கூப்பிட்டது. வேடிக்கை பார்ப்பதும் முதுகில், தூங்குவதும் முதுகில். சடைச்சி புற்றைத் தோண்டிக் கறையான் தின்னும்போதுகூட அவன் இறங்கமாட்டான்.

அந்த வருஷம் அடைமழை. ஓடையைக் கடக்கும்போது ஒரு பாறை உருண்டு வந்து சடைச்சியின் பின்னங்காலில் விழுந்தது. அவள் சரிந்தாள். பிசின் தண்ணீரில் விழுந்தான். வெள்ளம் அவனைக் கீழ்க்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மழை விட்டதும் கரிச்சான் குருவி சேதி கொண்டுவந்தது. குட்டி பிழைத்திருந்தான்! கீழ்க்காட்டில், ஓடைக்கரைப் பாறை இடுக்கு ஒன்றில் பதுங்கிக் கிடந்தான். ஆனால் யார் கூப்பிட்டாலும் வெளியே வரவில்லை. அவனிடம் முதலில் போனது ஒரு நரி. உங்கம்மாவிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனது. அதன் பல்லிலிருந்து தப்பித்து வருவதே அவனுக்குப் பெரும்பாடாகிவிட்டது. அதன் பிறகு கரிச்சான் உள்ளதைச் சொன்னபோதும் அவன் நம்பவில்லை. அம்மாவைக் கண்ணால் பார்த்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டான். சாப்பாடும் சரியில்லாமல் மெலிந்துகொண்டே போனான்.

சடைச்சி சமதரையில் நொண்டி நடப்பாள். செங்குத்துப் பாறையில் இறங்க முடியாது. இறங்கப் பார்த்து ஒருமுறை உருண்டும் விட்டாள். இனி அவளுக்கு ஒரே வழி நிழல்சுனைதான்.

அந்தச் சுனையின் கதையே தனி. பனிக்காலத்து விடியலில், தன் கரையில் தனியாக நிற்பவரை அது படம் எடுக்கும். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் தண்ணீர் கலங்கிவிடும். ஒரு காலையில் ஒருவருக்கு ஒரு படம்தான். எப்போது எடுக்கும் என்று சுனை சொல்லாது. அடியிலிருந்து ஒரு குமிழி வந்து உடைந்தால் எடுத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அந்த உருவம் பாலாடை மாதிரி தண்ணீரின் மேல் மெல்லப் பிரியும். சுனை வழிந்து ஓடையாகும் இடத்தில் ஒருகணம் தயங்கும். அப்புறம் மிதந்து இறங்கிப் போகும். மானின் படம் போகும், யானையின் படம் போகும், அவற்றுக்கு நடுவே மீன்கள் நுழைந்து நுழைந்து வரும். கீழ்க்காட்டு மிருகங்கள் கரையோரம் உட்கார்ந்து அதையெல்லாம் கண்கொட்டாமல் பார்க்கும்.

படம் என்றதும் யாருக்குத்தான் ஆசை இராது? செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நாம் பண்ணுகிற அத்தனை கோணங்கித்தனத்தையும் அந்தக் கரையில் மிருகங்கள் பண்ணும். அதில் மயிலை மிஞ்ச ஆளில்லை. கீழ்க்காட்டில் மயிலின் படத்தைப் பார்த்துச் சலிக்காத தவளையே கிடையாது.

பனிக்காலம் முடியப்போகிற நேரத்தில் சடைச்சி மயிலிடம்தான் யோசனை கேட்டாள். அவள் மனசில் ஒரு பயம் இருந்தது. தான் நொந்துபோய் நிற்பதைக் கண்டால் குட்டி பயந்துபோவானே, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவேண்டுமே என்று தவித்தாள். மயில் அவளைக் குளிக்கச் சொன்னது. சிக்கெடுக்கச் சொன்னது. காதோரம் ஒரு பூவைச் செருகி, வயிற்றை உள்ளே இழுத்து, கழுத்தைத் தூக்கி, முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, பல் தெரியச் சிரிக்கச் சொன்னது. சடைச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். குமிழி உடைந்தது. படம் மிதந்து போனது.

சாயங்காலம் கரிச்சான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. பிசின் இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தானாம். பார்த்துவிட்டு, "இது எங்கம்மா இல்ல. யாரோ கல்யாணத்துக்குப் போற கரடி" என்றானாம்.

மயில் அசரவில்லை. சிரிப்புதான் சரியில்லை, கம்பீரமாக நிற்கவேண்டும் என்றது. மறுநாள் சடைச்சி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, பின்னங்கால்களில் எழுந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். படம் என்னவோ பிரமாதமாகத்தான் வந்தது. ஆனால் எழுந்து நிற்கிற கரடி அடிக்கப் போகிற கரடி என்று குட்டிக்குக்கூடத் தெரியும். பிசின் அலறிக்கொண்டு இடுக்கின் உள்ளே போய்விட்டான். கரிச்சான் கூப்பிட்டும் தலைகாட்டவில்லை.

அடுத்த விடியலில் பனி மெலிந்துவிட்டது. மரங்களின் தலை தெரிந்தது. பனி போய்விட்டால் சுனை இனி அடுத்த வருஷம்தான் படம் எடுக்கும். அதுவரை குட்டி தாங்கமாட்டான்.

சடைச்சி குளிக்கவும் இல்லை, பூ வைக்கவும் இல்லை. இரவெல்லாம் புரண்டதில் முடி பழையபடி சிக்காகிக் கிடந்தது. சுனைக் கரையில் வந்து நின்றாள். புதருக்குப் பின்னாலிருந்து மயில் இப்படித் திரும்பு, அப்படிப் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. தண்ணீரில் தெரிந்த தன் முகத்தையே பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உனக்கு எந்த மூஞ்சியைக் காட்டறதுன்னே தெரியலையேடா" என்றாள்.

பிறகு, போதும் என்று சுனைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கிளம்ப ஓர் எட்டு வைத்தாள். வைத்தவள் நின்றாள். கிளம்பும்போதெல்லாம் செய்கிற பழக்கம், கழுத்து தானாகத் தோளுக்கு மேல் திரும்பியது. வாயும் தானாகக் கேட்டது.

"ஏறிட்டியா? கெட்டியாப் பிடிச்சுக்கோ."

முதுகில் யாரும் இல்லை. அந்தக் கணத்தில் குமிழி உடைந்தது.

மயில் புதரை விட்டு வெளியே ஓடி வந்தது. "காரியத்தையே கெடுத்துட்டியே அக்கா! முதுகைக் காட்டிக்கிட்டு யாராவது படம் எடுப்பாங்களா? சிக்கு முடியும் நொண்டிக்காலும் அப்படியே விழுந்திருக்கு."

சடைச்சி நொண்டிக்கொண்டே போய்க் குகை வாசலில் குப்புறப் படுத்துவிட்டாள்.

படம் தன் பாட்டுக்குக் கிளம்பியது. சுனை விளிம்பில் தயங்கி, வழுக்கி, பாசிப் பாறைகளின் மேல் மெல்ல இறங்கியது. பெரணிச் செடிகளின் நிழல் அதன் மேல் ஊர்ந்தது. தட்டான் ஒன்று அதன் காதில் உட்கார்ந்துகொண்டே கொஞ்ச தூரம் போனது. கீழ்க்காட்டில் ஓடை அகலமாகி ஓசையடங்குகிற இடத்தில், பாறை இடுக்குக்கு எதிரே வந்து, படம் ஒரு சுழலில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

பிசின் அரைத்தூக்கத்தில் அதைப் பார்த்தான். பிடரியில் சிக்குப் பிடித்த முடி. அகலமான முதுகு. தோளுக்கு மேல் பாதி திரும்பிய முகம், அவனைத் தேடுகிற ஒரு கண். முதுகில் இருக்கிறவன் அம்மாவின் முகத்தை நேருக்கு நேராக எங்கே பார்த்திருக்கிறான்? பிறந்ததிலிருந்து அவன் பார்த்த அம்மா இவள்தான்.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு தண்ணீரில் குதித்தான். முடியைப் பிடித்து ஏறப் பார்த்தான். கையில் தண்ணீர்தான் வந்தது, படம் கலைந்துவிட்டது. ஆனாலும் அவன் அழவில்லை. படம் வந்த திசையை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஓடையோரமாகவே, பாறைக்குப் பாறை தொற்றி, மேலே ஏறத் தொடங்கினான். கரிச்சான் சத்தம் போடாமல் அவன் தலைக்கு மேலே பறந்து வந்தது.

பொழுது சாயும் நேரம். குகை வாசலில் சடைச்சி படுத்தபடியே கிடந்தாள். யாரோ அவள் பிடரி மயிரைப் பிடித்து இழுத்தார்கள். சின்னச் சின்ன நகங்கள் விலாவில் ஊன்றி மேலே ஏறின. முதுகில் பழைய பாரம், பழைய சூடு. கனவாக இருந்தால் கலைந்துவிடுமே என்று அவள் அசையாமல் கிடந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் தோளுக்கு மேல் கழுத்தைத் திருப்பினாள்.

"ஏறிட்டேம்மா. போலாம்" என்றான் பிசின்.

தனியாக நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது அடுத்தவர் சொல்லித்தரும் அழகை மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நம்மேல் உயிரை வைத்திருப்பவர்கள் அதில் தேடுவது, நாம் எப்போதும் இருக்கிற அந்தக் கோலத்தைத்தான்.