செங்கோடன் குனிந்த கல்யாணம்

அரைக்காணிப்பட்டியில் புத்திசாலிகள் அதிகம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வேறு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அந்த ஊர் செங்கோடனுக்கு வெள்ளிக்கிழமை மகள் கல்யாணம். மணவறையில் பெண்ணைப் பெற்றவர் குனிந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். செங்கோடனின் முதுகோ உலக்கையாய் விறைத்து ஒரு மாதமாகிறது. கால் கழுவாவிட்டால் சம்பந்தி வீட்டார் கோபித்து எழுந்து போய்விடுவார்களே என்று பாவம், அவருக்குச் சோறே இறங்கவில்லை.

பக்கத்து ஊர் வைத்தியர் சொன்னார்: "யோகாசனம் பண்ணுங்க. ஆனா ஒடம்பு வாகு பாத்துப் பண்ணோணும். வாதம்னா காத்து, பித்தம்னா நெருப்பு, கபம்னா தண்ணி. காத்து ஒடம்புன்னா தரையில நல்லா கனமாப் பதிஞ்சு படுத்து, முப்பது மூச்சு விடோணும்."

அவர் நாடியைப் பிடிக்கப் போனார். மச்சினன் நாச்சிமுத்து தடுத்துவிட்டான்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க."

நாச்சிமுத்துவும் பங்காளி பொங்கியண்ணனும் வீட்டுக்கு வந்ததும் வேலையில் இறங்கினார்கள். முதலில் செங்கோடனின் வயிற்றில் ஓர் அப்பளத்தை வைத்து அரை மணி நேரம் காத்திருந்தார்கள். பொரியவில்லை. நெருப்பு இல்லை என்று முடிவாயிற்று. பிறகு அவரைக் குடத்தைச் சாய்ப்பதுபோல் சாய்த்தார்கள்.

"கண்ணுல தண்ணி வருதே நாச்சிமுத்து, கபமா இருக்குமோ?" என்றான் பொங்கியண்ணன்.

"அது வலிக்கு வர்றது. கணக்குல சேராது."

கடைசியில் கரட்டுக் குன்றின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தோளில் கிடந்த துண்டு பறந்து போயிற்று. காற்று உடம்பேதான்! இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். துண்டு போனதில் செங்கோடனுக்கு மட்டும் வருத்தம்.

கனமாகப் பதிய வேண்டுமே என்று அவரைப் படுக்க வைத்து இரண்டு நெல் மூட்டைகளை மேலே ஏற்றினார்கள். ஆசனம் நன்றாக வந்தது. மூச்சுதான் வரவில்லை.

"மச்சான் செரமப்படுறாரு. முப்பது மூச்சையும் நாம ஆளுக்குப் பதினஞ்சா விட்டுரலாம்" என்றான் நாச்சிமுத்து.

இப்படியே நாலு நாள் நடந்தது. மூச்சு விட்டவர்கள் இருவரும் தெம்பாகிவிட்டார்கள். செங்கோடனுக்குக் கழுத்தும் சேர்ந்து பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வந்தே விட்டது. செம்பும் கையுமாகச் செங்கோடன் விறைத்து நின்றார். சம்பந்தி வீட்டில் முணுமுணுப்பு கிளம்பியது. அவருக்கு உயிரே போய்விட்டது.

"மச்சான் காலுக்குப் போக முடியாது. காலு மச்சான்கிட்ட வரலாமில்ல?" என்றான் நாச்சிமுத்து.

மாப்பிள்ளையும் இளைத்தவரல்ல. பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, மணவறையிலேயே தலைகீழாக நின்றுவிட்டார். பாதம் இரண்டும் செங்கோடனின் நெஞ்சுக்கு நேரே வந்தன. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா குறுக்கே வந்தார்.

"எங்க பையன் பித்த ஒடம்பு. சூடு தலைக்கு ஏறாதுங்களா?"

"கழுவுற தண்ணி நேரா தலைக்குத்தானுங்க போவுது. குளுந்துரும்" என்றான் பொங்கியண்ணன்.

சம்பந்திக்கு முழுத் திருப்தி. மூக்கில் தண்ணீர் ஏறி மாப்பிள்ளை ஏழு தும்மல் தும்மினார். தாலி கட்டி முடிந்தது.

பிறகு கல்யாணப் படம் வந்தது. மாப்பிள்ளை தலைகீழாக இருப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று நாச்சிமுத்து படத்தை மேல்கீழாகத் திருப்பி மாட்டினான். இப்போது மாப்பிள்ளை நேராக நின்றார். செங்கோடன் தலைகீழாக நின்று தண்ணீரை மேல்நோக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்.

படத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலே நாள்ல இம்புட்டு யோகாசனம் வந்துருச்சே! ஆனா நாச்சிமுத்து, இப்படி நின்னது எனக்கு ஞாபகமே இல்லையே?"

நாச்சிமுத்து பொறுமையாக விளக்கினான்.

"எப்படி இருக்கும்? மூச்சு விட்டது நாங்கதானே!"